விடுமுறைப் பயணமும் பூட்டிய கதவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறையில் பிள்ளைகளைச் சென்னைக்கு அழைத்துச் செல்லும் குடும்பங்களுக்காகத் தாங்கள் வெளியிடும் பயணக் குறிப்புகளில், ஒவ்வோர் இடத்துக்கும் எந்தக் கிழமை விடுமுறை என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். காரைக்குடியிலிருந்து விடியற்காலைப் பல்லவன் ரயிலில் கிளம்பிச் சென்ற நாங்கள், 1851இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை அறியாமல், மறுநாள் வெள்ளியன்றே அதன் வாசலில் போய் நின்றோம், இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி கம்பிக் கதவில் முகத்தை அழுத்தியபடி, "திமிங்கில எலும்பு காட்டுறேன்னு சொன்னீங்களே, அப்பத்தா?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. விசாரிக்காதது எங்கள் தவறுதான். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதும் பிறகே தெரிந்தது.

ஐந்து வயது நிறைந்த குழந்தைக்கு ரயிலில் தனி இருக்கை கேட்டால் முழுக் கட்டணம் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடலாம். ஒரே நாளில் ஐந்து இடங்களை அடுக்கும் பட்டியல்கள், கல்லூரி மாணவர்களுக்கு வேண்டுமானால் பொருந்தும். நண்பகல் வெயிலில் தூங்கிவிழும் பிள்ளையைத் தோளில் சுமப்பவர்களுக்குக் காலையில் ஓரிடம், மாலையில் மெரினா என்ற அளவே உதவும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர், காரைக்குடி