நால்வரில் ஒருவர் வேண்டாம் என்றால்

அன்பு மகளுக்கு,

இங்கு நாங்கள் நலம். நீயும் மருமகனும் குட்டிப் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "அறுபத்தைந்து வயதில், இரத்த அழுத்த மாத்திரையையும் பையில் வைத்துக்கொண்டு, வெளிக்கடலில் உங்களுக்கு என்ன வேலை அப்பா?" அதற்கான பதில் தொலைபேசியில் அடங்காது, அதனால் எழுதுகிறேன். மன்னார் மாமா அனுப்பிய காணொளியில் படகின் முன்பக்கம் எழும்பி எழும்பி விழுவதைப் பார்த்துப் பயந்திருக்கிறாய். உன் பயம் நியாயமானது. இந்தக் கரையின் முகத்துவாரங்களில் படகு கவிழ்ந்து உயிர் போன செய்திகளை நானும் படிக்கிறேன். ஆகவே "ஒன்றும் நடக்காது" என்று எழுதப் போவதில்லை. யாரோடு போகிறேன், எப்படிப் போகிறேன் என்பதை உள்ளபடி சொல்கிறேன். படித்துவிட்டு நீயே முடிவு செய்.

நாங்கள் நால்வர். படகு உனக்குத் தெரிந்தவருடையதுதான். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் நம் வீட்டுக் குழாய் திருத்த வந்து, பின்பு நண்பராகிவிட்ட அந்த வெள்ளைக்கார மனிதர். நாங்கள் மீன்பிடிக்கப் போகும் நரூமா என்ற கடற்கரை ஊர்தான் அவர் பிறந்து வளர்ந்த ஊர். மற்றவர் மன்னார் மாமா. நான்காமவர் என்னோடு வேலை பார்த்த வியட்நாம்காரர், எங்களுள் இளையவர். படகு ஆறு மீட்டர் அலுமினியப் படகு, 150 குதிரைவலு இயந்திரம். துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் படகு அல்ல, வீட்டு முற்றத்திலிருந்து ட்ரெய்லரில் இழுத்துச் செல்வது. சிட்னியிலிருந்து நரூமாவுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேர ஓட்டம். வழியில் எங்கே நிறுத்தினாலும் படகுக்காரர் முதலில் இறங்கி ட்ரெய்லர்ச் சக்கரத்தின் நடுக்குடத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். இளஞ்சூடாக இருந்தால் சரி. கை வைக்க முடியாமல் கொதித்தால் உள்ளே பேரிங் போகிறது என்று அர்த்தம், அதற்கு மேல் ஓட்டக்கூடாது. உப்புத் தண்ணீரில் இறங்கி ஏறும் ட்ரெய்லருக்கு அதுதான் முதல் நோய். அவர் தொட்டுப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தேநீர்.

சனிக்கிழமை விடியுமுன் முகத்துவாரத்தைப் பார்க்கப் போனோம். நரூமாவில் வாகோங்கா நீரேரி இரண்டு கல்லணைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கடலில் சேருகிறது. அந்த வாயில் மணல் குவிந்து ஆழம் குறைந்திருக்கும். கடல் வற்றும் நேரத்தில் நீரேரியிலிருந்து வடியும் தண்ணீர் முழுவதும் அந்த ஒடுக்கத்தால் வெளியே பாயும். எதிரே கடலலை உள்ளே வரும். இரண்டும் மோதும்போது, வெளியே சாதுவாக வந்த அலைகூட அங்கே குத்தென்று நிமிர்ந்து உடையும். அதனால் கடல் ஏறும் பெருக்கு நேரம் பார்த்துத்தான் கடப்பார்கள். அதுவும் வந்தவுடன் அல்ல. பெரிய அலைகள் கூட்டமாக வரும், கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே கடல் பொய்யாக அமைதி காட்டும். ஐந்து நிமிடம் பார்த்தவனுக்கு அது புரியாது. நாங்கள் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றோம்.

இரவெல்லாம் தெற்கிலிருந்து காற்று. வாய்க்குக் குறுக்கே வெள்ளை நுரை உடைந்துகொண்டேயிருந்தது. "பெருக்கு முட்ட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, அதற்குள் அடங்கிவிடும்" என்றார் வியட்நாம் நண்பர். படகுக்காரர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மன்னார் மாமா சொன்னார்: "எனக்கு இன்றைக்கு மனமில்லை."

அதோடு பேச்சு முடிந்தது. எங்களுக்குள் ஒரு கட்டு உண்டு மகள். நால்வரில் ஒருவர் வேண்டாம் என்றால் படகு போகாது. காரணம் கேட்பதில்லை. பிறகு அதைச் சொல்லிக் காட்டுவதுமில்லை. விடுப்பு எடுத்து, பெட்ரோல் அடித்து, ஐந்து மணி நேரம் ஓடி வந்திருக்கிறோம். தயக்கம் உள்ளவன் நண்பர்கள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொள்வது அந்த நேரத்தில்தான். கூட்டமாகப் போகிறவர்களுக்குக் காற்றைவிட அதுதான் பெரிய ஆபத்து என்று நான் நினைக்கிறேன். படகுக்காரர் வாகனத்துக்குத் திரும்பிப் போய், சுடுநீர்ப் போத்தலைத் திறந்து, முதல் கோப்பையை மன்னார் மாமாவிடம் கொடுத்தார். வியட்நாம் நண்பரும் ஒரு சொல் சொல்லவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். எங்கள் படகைவிடப் பெரிய படகு ஒன்று அன்று காலை அதே வாயால் வெளியே போனது. பிற்பகலில் பத்திரமாகத் திரும்பியும் வந்தது. அதனால் எங்கள் முடிவு பிழையாகிவிடாது. அவர்களுடைய படகு வேறு, அவர்களுடைய ஆட்கள் வேறு.

நாங்கள் அன்று நீரேரிக்குள்ளேயே தூண்டில் போட்டோம். ஃப்ளாட்ஹெட் கிடைத்தது. சேற்று நிறத்தில் தலை தட்டையாக இருக்குமே, அந்த மீன். நீரேரியில் உள்ள வகைக்கு 36 சென்டிமீட்டர் முதல் 70 வரை என்று அளவு வைத்திருக்கிறார்கள். சிறியதையும் விட வேண்டும், மிகப் பெரியதையும் விட வேண்டும், ஏனென்றால் பெரியவை முட்டையிடும் பெண் மீன்கள். எனக்கு மிகவும் பிடித்த சட்டம் அது.

மறுநாள் காற்று விழுந்துவிட்டது. படகை இறக்கும் இடத்துக்குப் போகுமுன்பே, ஒதுக்குப்புறமாக நிறுத்தி ஆயத்தம் செய்துவிடுவோம். படகின் பின்னடியில் தண்ணீர் வடிவதற்கு ஒரு துளை உண்டு. அதற்கான அடைப்பானை ஒருவர் முறுக்கி இறுக்குவார், இன்னொருவர் கையால் தடவிப் பார்த்து வாய்விட்டுச் சொல்வார். எரிபொருளை மூன்று பங்காகப் பிரிப்போம்: போக ஒன்று, வர ஒன்று, மூன்றாவது கைவைக்காமல் இருக்க. உயிர்காப்புச் சட்டையை எல்லோரும் கரையிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். இந்த மாநிலத்தில் முகத்துவாரம் கடக்கும்போது அது சட்டம். எங்கள் படகில் திரும்பிக் கரை ஏறும்வரை அதைக் கழற்றுவதில்லை.

புறப்படுமுன் படகுக்காரர் வானொலியில் மரைன் ரெஸ்கியூ நிலையத்தைக் கூப்பிட்டார். தொண்டர்கள் நடத்துவது அது. எத்தனை பேர், எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதிக்கொள்வார்கள். சொன்ன நேரத்துக்கு நாங்கள் திரும்பி வந்ததாக அறிவிக்காவிட்டால் அவர்களே தேடத் தொடங்குவார்கள். நீ லண்டனில் கவலையோடு கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், முகம் தெரியாத ஒருவர் என் பெயர் உள்ள தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை நினைத்துக்கொள்.

வெளியே போகும்போது அலை முன்னால் தெரியும், முகம் கொடுத்து ஏறலாம். திரும்பி வருவதுதான் கடினம். அலை பின்னாலிருந்து தூக்கினால் முன்பக்கம் தண்ணீரில் குத்தி, படகு குறுக்கே திரும்பிவிடும். ஓர் அலையின் முதுகிலேயே இருந்து, அதை முந்தாமலும் பின்னது வந்து பிடிக்காமலும் உள்ளே வர வேண்டும். படகுக்காரர் அதைச் செய்யும்போது நாங்கள் மூவரும் வாய் திறப்பதில்லை.

மொன்டேகு தீவு கரையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். அந்தக் கரையின் பூர்வகுடிகளான யுயின் மக்கள் அதைப் பரங்குபா என்பார்கள். 1881 முதல் அங்கே ஒரு வெளிச்சவீடு எரிகிறது. பாறைகளெல்லாம் கடல்நாய்கள், தூரத்திலேயே நாற்றம் வரும். மார்ச் மாதத்தில் வடக்கிலிருந்து இறங்கும் வெதுவெதுப்பான நீரோட்டத்தோடு கிங்ஃபிஷ் வரும். நம் ஊர்ப் பாரையின் இனம், ஆனால் நீளமாக, வால் மஞ்சளாக இருக்கும். உயிருள்ள சிறு மீனைத் தூண்டிலில் கோத்து இறக்குவோம். கிங்ஃபிஷ் கவ்வியதும் நேரே பாறையைப் பார்த்துத்தான் ஓடும். பாறையில் தூண்டில் நரம்பு பட்டால் அறுந்துவிடும். அந்த முதல் கணங்களில் கோலை வயிற்றில் ஊன்றி, ஒரு முழ நரம்பும் கொடுக்காமல் நிற்க வேண்டும். எனக்கு முதலில் அகப்பட்டது 62 சென்டிமீட்டர். 65 இல்லாவிட்டால் வைத்திருக்க முடியாது, ஈரக் கையால் பிடித்துத் தண்ணீரில் விட்டேன், வாலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டது. மன்னார் மாமாவின் மீனைப் பாதி வழியில் கடல்நாய் ஒன்று பறித்துக்கொண்டது. ஒருவருக்கு ஐந்து வரை பிடிக்கலாம் என்றாலும் நால்வருக்குமாக நான்கு மீனோடு நிறுத்திக்கொண்டோம். உடனே செவுளை வெட்டி இரத்தம் வடித்து, கடல்நீரும் பனிக்கட்டியும் கலந்த பெட்டியில் போட்டோம். அப்படிச் செய்தால்தான் சதை கெட்டியாக நிற்கும்.

தலைகளையும் முள்ளையும் படகுக்காரர் எறியப் பார்த்தார், நான் விடவில்லை. அம்மா ஒடியல் மா, அதுதான் உலர்த்திய பனங்கிழங்கு மா, வைத்திருந்தாள். ஞாயிறு இரவு பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டுக் கூழ் காய்ச்சினாள். படகுக்காரர் மூன்று கோப்பை குடித்தார்.

நீ கேட்டது "என்ன வேலை" என்று. அதற்கு வருகிறேன்.

உன் அப்பப்பா பருத்தித்துறை முனையில் தொழில் செய்தவர். கரையில் நின்று காற்றை முகத்தில் வாங்கி, இது சோளகம், இது கச்சான் என்று சொல்வார். வாடை பெயர்ந்தால் வள்ளத்தை மேலே ஏற்றிவிடுவார். போவதா வேண்டாமா என்பதை அவரும் அவரோடு தொழில் செய்தவர்களும் கடலைப் பார்த்து முடிவு செய்தார்கள். 1980களில் அந்த உரிமை போய்விட்டது. எந்த நேரம் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் முடிவு செய்தார்கள். நல்ல கடல் நாளிலும் வள்ளம் கரையில் காய்ந்துகொண்டிருக்க, அவர் அதன் பக்கத்தில் குந்தியிருந்ததை நான் கண்டிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டேன். அவரோடு ஒரு நாள்கூட நான் வெளிக்கடல் போனதில்லை. நான் படிக்க வேண்டும் என்று அவர் என்னைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போவார்.

சனிக்கிழமை நாங்கள் வெளிக்கடல் போகாமல் திரும்பியது எனக்கு ஞாயிறு பிடித்த மீனைவிடப் பெரிது. போகவும் எங்களால் முடியும், போகாமல் விடவும் எங்களால் முடியும், யாரும் எங்களைத் தடுக்கவில்லை, யாரும் எங்களைத் துரத்தவுமில்லை. அதை நண்பர்களோடு சேர்ந்து முடிவு செய்யும் மனிதனாக இருப்பது எனக்கு வேண்டியிருக்கிறது. என் வேலை அதுதான் மகள்.

மே மாதம் மறுபடியும் போக எண்ணம், காற்று விட்டால். அதற்கு முன் உன்னிடம் ஒரு விடயம் கேட்க வேண்டும். கரையிலிருந்து 2 கடல்மைலுக்கு அப்பால் போகும் படகில் செயற்கைக்கோளுக்கு அபாயச் செய்தி அனுப்பும் கருவி இருக்க வேண்டும், எங்கள் படகில் இருக்கிறது. அது போக, சட்டைப் பையில் அடங்கும் சிறிய கருவி ஒன்றை நான் எனக்கென்று வாங்கியிருக்கிறேன். அதை இயக்கிவிட்டால் 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கன்பராவில் உள்ள மீட்பு மையத்துக்குத் தகவல் போகும். அவர்கள் முதலில் செய்வது, பதிவில் உள்ள எண்களுக்கு அழைத்து, இவர் உண்மையில் கடலுக்குப் போயிருக்கிறாரா, யாரோடு, எந்தப் படகில் என்று விசாரிப்பது. பதிவு இலவசம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இப்போது அம்மாவின் எண்ணும் தம்பியின் எண்ணும் இருக்கின்றன. அம்மா பதறிவிடுவாள், தம்பி வேலை நேரத்தில் தொலைபேசி எடுப்பதில்லை.

உன் எண்ணையும் சேர்க்கட்டுமா? அழைப்பு வந்தால் உனக்கு நடுச்சாமமாக இருக்கும். நீ நிதானமாகப் பேசுவாய் என்று எனக்குத் தெரியும். சம்மதம் என்றால் ஒரு வரி எழுது. ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் படகின் பெயர், பதிவு இலக்கம், போகும் இடம், திரும்பும் நேரம் எல்லாவற்றையும் உனக்கு அனுப்பிவிடுகிறேன். நீ வேண்டாம் என்று எழுதினாலும் காரணம் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா