சிவந்த கண்ணோடு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்: வன்னிப் பாடசாலைகளின் அதிபர், ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிபர்களுக்கும், வகுப்பாசிரியர்களுக்கும், விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்கும்,

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில், பதினோராம் தரத்தில் படிக்கும் ஒரு பிள்ளையின் தாய் நான். என் மகனின் இடக்கண்ணில் விழிவெண்படலத்தை (கோர்னியா) இறுக்கும் சிகிச்சையும், சில மாதங்கள் கழித்து வலக்கண்ணில் விழிவெண்படல மாற்றுச் சத்திர சிகிச்சையும் நடந்தன. இரண்டுக்கும் சேர்த்து அவன் சத்திர சிகிச்சைக் கூடத்தில் கிடந்தது சில மணி நேரம்தான். அதன் பிறகான பராமரிப்பு ஒரு வருடத்துக்கும் மேலாக நீள்கிறது. அந்தக் காலத்தில் காலை ஏழரை மணி முதல் பிற்பகல் வரை அவன் உங்கள் பொறுப்பில் இருப்பதால், வைத்தியர்களிடம் கேட்க முடியாத சிலவற்றை உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

அவனுக்கு வந்தது கெரட்டோகோனஸ் என்று வைத்தியர்கள் சொல்லும் நோய். இதில் கண்ணின் முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் விழிவெண்படலம் மெலிந்து, கூம்புபோல் முன்தள்ளுகிறது. நலமான கண்ணிலேயே அதன் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான். நோய் பெரும்பாலும் பதின்ம வயதில் தலைகாட்டுகிறது; பிள்ளைக்கு எழுத்துகள் நிழல் விழுந்து இரட்டித்துத் தெரிகின்றன; மூக்குக்கண்ணாடியை எத்தனை தரம் மாற்றினாலும் பார்வை தெளிவதில்லை. கண்ணைக் கசக்கும் பழக்கம் இதை விரைவுபடுத்துகிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கிரவல் வீதிப் புழுதிக்குள்ளால் சைக்கிளில் வந்து, காலபோக அறுவடையில் நெல்லுச் சுணைக்குள் நிற்கும் பிள்ளையிடம் கண்ணைக் கசக்காதே என்று சொல்வது எளிது, அவன் கசக்காமல் இருப்பதுதான் கடினம் என்பதை நான் அறிவேன். ஆயினும் வகுப்பில் ஓயாமல் கண்ணைக் கசக்கி, கரும்பலகையைத் தலை சாய்த்துப் பார்க்கும் பிள்ளையைக் கண்டால் பெற்றோருக்கு ஒரு சொல் சொல்லுங்கள். என் மகனைப் பற்றி அப்படி யாரும் சொல்லவில்லை. வீட்டிலிருந்த நானும் கவனிக்கவில்லை.

படலத்தை இறுக்கும் சிகிச்சை ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவானது. அதன் முதல் சிகிச்சை முடிவுகள் 2003இல் வெளிவந்தன. விழிவெண்படலத்தின் மேற்தோலை அகற்றி, ரைபோபிளேவின் எனப்படும் விற்றமின் பி2 துளிகளை அரை மணி நேரம் விட்டு, பின்னர் புறஊதாக் கதிரைப் பாய்ச்சுவதே அதன் அடிப்படை முறை. இது நோய் மேலும் வளராமல் தடுக்கிறது. போன பார்வையைத் திருப்பித் தருவதற்காகச் செய்யப்படுவதன்று. முதல் இரண்டு மூன்று நாட்கள் கடும் நோவும் கண்ணீரும் வெளிச்சக் கூச்சமும் இருக்கும். மேற்தோல் வளர்ந்து மூடும்வரை கட்டுத்துணிபோல ஒரு மென்மையான கொன்டாக்ட் லென்சைக் கண்ணில் வைத்திருப்பார்கள். அதன் பின்னரும் சில வாரங்களுக்குப் பார்வை முன்பைவிட மங்கலாக இருக்கக்கூடும். "ஒப்பரேசன் செய்தும் ஏன் இன்னும் போட் தெரியவில்லை?" என்று ஓர் ஆசிரியர் மகனிடம் கேட்டிருக்கிறார். அவர் கேட்டதில் தவறில்லை; அவருக்கு யாரும் விளக்கியிருக்கவில்லை.

வலக்கண்ணின் கதை வேறு. அங்கே இறந்த ஒருவர் தானமாகத் தந்த படலம், தலைமயிரைவிட மெல்லிய நைலோன் நூலால் 16 தையல்கள் போட்டுப் பொருத்தப்பட்டிருக்கிறது. ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தானச் சங்கத்தின் வழியே பல நாடுகளுக்குக் கண்களைக் கொடுத்த நாடு இது. கிடைத்த ஒன்றைக் காப்பாற்றுவதில் நாம் அவ்வளவு கெட்டிக்காரர்களாக இல்லை. விழிவெண்படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லாததால் காயம் மெதுவாகவே ஆறுகிறது. தையல்கள் ஒரு வருடமோ அதற்கு மேலோ இருக்கும். அவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் அந்த இடத்தில் கிருமி நுழையலாம், அல்லது உடல் அந்தப் படலத்தை அந்நியமென்று நிராகரிக்கத் தொடங்கலாம்.

ஐந்தாம் மாதத்தில் அதுதான் நடந்தது. ஒரு திங்கட்கிழமை காலை வகுப்பில் மகனின் கண் சிவந்தது. அந்த வாரம் பாடசாலையில் கண்நோய் பரவியிருந்தபடியால், அவனுக்கும் அதுவென்று எண்ணி, மூன்று நாட்களுக்கு வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். நானும் அதையே நம்பினேன். அவனுடைய அம்மம்மா நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு விடப் போனபோது தடுத்தேன். அன்று நான் செய்த ஒரே சரியான காரியம் அது. செவ்வாய் இரவு அவன், "அம்மா, லைட்டைப் பார்க்க ஏலாமல் கிடக்கு" என்றான். புதன் விடியற்காலை மாங்குளச் சந்தியில் பஸ் ஏறினோம். தையல் ஒன்று அறுந்து அதன் நுனி நீட்டிக்கொண்டிருந்தது, நிராகரிப்பும் தொடங்கியிருந்தது. வைத்தியர் அந்தத் தையலை எடுத்துவிட்டு, மணிக்கொரு தரம் துளி மருந்து விடச் சொன்னார். படலம் தப்பியது, ஆனால் முன்பிருந்த தெளிவு முழுவதும் திரும்பவில்லை.

ஆகவே நான் கேட்கும் முதன்மையான காரியம் இதுதான். விழிவெண்படலம் மாற்றப்பட்ட பிள்ளைக்குக் கண் சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, நோவெடுத்தாலோ, இவற்றுள் ஒன்றேயானாலும், அதைக் கண்நோய் என்று கொள்ளாமல் அன்றைக்கே பெற்றோரை அழைத்து, கண் வைத்திய நிபுணர் உள்ள வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். சத்திர சிகிச்சை நடந்து பல வருடங்களின் பின்னரும் நிராகரிப்பு வரலாம் என்பதால், "அது எப்போதோ செய்ததுதானே" என்று விட்டுவிட வேண்டாம்.

அடுத்தது துளி மருந்து. மகன் பாடசாலைக்குத் திரும்பிய புதிதில் இரண்டு மணிக்கொரு தரம் விட வேண்டியிருந்தது. அதாவது எட்டு, பத்து, பன்னிரண்டு மணித் துளிகள் மூன்றும் பாட வேளைகளில் விழுந்தன. பாடம் நடக்கும்போது போத்தலை எடுத்ததற்காக ஒரு முறை ஏச்சு வாங்கியவன், பிறகு பத்து மணித் துளியை இடைவேளைக்குத் தள்ளத் தொடங்கினான், சில நாட்களில் விட்டேவிட்டான். ஸ்டீரொயிட் துளியைத் தானாக நிறுத்தினால் நிராகரிப்பு வரலாம். தேவைக்கு மேல் தொடர்ந்தால் கண்ணின் அழுத்தம் கூடும். எனவே அதன் அளவை வைத்தியர் மட்டுமே மாற்றலாம். பிள்ளை வெளியே போய்ச் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். மருந்து வெள்ளைக் கலங்கலாக இருந்தால் போத்தலைக் குலுக்க வேண்டும். நுனி இமையில் படாமல் ஒரு துளி விட்டு, கண்ணை மூடியிருந்து, இரண்டாவது மருந்துக்கு ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். எல்லாமாகப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்கு அவன் ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும் தனித்தனியே அனுமதி கேட்கும் நிலை இருக்கக் கூடாது.

விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மைதானத்தில் கோடு போட, மூத்த மாணவர்கள் வாளியில் சுண்ணாம்பு கரைப்பதைப் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு நல்ல கண்ணையே எரித்துவிடும். தையல் போட்ட கண்ணுள்ள பிள்ளையை அந்தப் பக்கமே விடாதீர்கள். தவறி யாருடைய கண்ணில் பட்டாலும் முதலில் நிறையச் சுத்தமான தண்ணீரால் நெடுநேரம் கழுவிவிட்டுத்தான் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். மாற்றுப் படலத்தின் தழும்பு பழைய வலிமையை ஒருபோதும் முழுமையாகப் பெறுவதில்லையாகையால், கிரிக்கெட் பந்தோ முழங்கையோ பட்டால் காயம் பிளந்துவிடலாம். சிரமதானத்தில் குப்பை கூட்டி எரிக்கும் வேலையும், சுற்றுலாவில் குளத்தில் குளிப்பதும் அவனுக்கு வேண்டாம். ஓட்டங்களில் நேரம் குறிக்கவும் புள்ளி எழுதவும் அவனால் முடியும். ஓரத்தில் சும்மா உட்கார வைக்காதீர்கள்.

இதற்கெல்லாம் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வகுப்பு வரவுப் பதிவேட்டின் உள்ளட்டையில் ஒரு தாளை ஒட்டினால் போதும்: பிள்ளையின் பெயர், எந்தக் கண், துளி விடும் நேரங்கள், பெற்றோரின் தொலைபேசி இலக்கம், கிளினிக் புத்தக இலக்கம். வகுப்பாசிரியர் விடுமுறையில் நிற்கும் நாளில் வரும் பதிலாசிரியரும் அதைப் பார்ப்பார். மகனுக்கான தாளை நான் எழுதி, வருகிற திங்கட்கிழமை வகுப்பாசிரியரிடம் நேரில் தருகிறேன். இப்போது அவனுக்குப் பாடசாலை நேரத்தில் ஒரேயொரு துளிதான், 10.30 மணிக்கு.

இங்ஙனம்,
முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு தாய்