அக்காவுக்கு, மேற்குச் சுவரைப் பற்றி

அக்கா,

நாளையோடு நீ கிளம்பிப் போய் மூன்று வருடம். ஏன் போனாய் என்பது நமக்குள் இருக்கட்டும், இதை வேறு ஆட்களும் படிப்பார்கள். மேற்குப் பக்கத்து மண் சுவரில் நான் பூசிய சிமெண்டைப் போன வாரம் உளி வைத்து உடைத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சுவருக்கு மண் பதமா என்று பார்க்க உருண்டை போட்ட அந்த மத்தியானம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. ஈர மண்ணை உருட்டி மார்பு உயரத்திலிருந்து போடச் சொன்னாய். முதல் உருண்டை பொடியாகச் சிதறியது. "மணல் ஜாஸ்தி" என்றாய். களிமண் சேர்த்துப் பிசைந்தேன். அடுத்தது உடையாமல் சப்பையாகத் தரையில் அப்பிக்கொண்டது. தலையை மட்டும் ஆட்டினாய். பதினோராவது உருண்டை நாலைந்து துண்டாக உடைந்து அப்படியே கிடந்தது. நீ குனிந்து அந்தத் துண்டுகளைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாய். உன் கையும் என் கையும் ஒரே நிறமாக இருந்தன. நீ ஒன்றும் சொல்லவில்லை.

அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எப்படி என்று காட்டினாய், ஏன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சுவரின் மண் பூச்சில் விரிசல் விட்டபோது நீ இல்லை. வீட்டில் பேசியதை இங்கே எழுத மாட்டேன். பயந்துபோய்ச் சிமெண்டைப் பூசினேன். தப்புதான், மன்னித்துக்கொள். ஆனால் களிமண் காயும்போது சுருங்கும், மணலும் நறுக்கிய வைக்கோலும் கூட்டி மறுபடி பூசினால் போதும் என்று எனக்கு யார் சொன்னது?

மண் சுவர் ஈரத்தை வாங்கும், விடும். சிமெண்ட் அதை விடவிடாது. மயிரிழை விரிசல் வழியே உள்ளே போன மழைத்தண்ணீர் அங்கேயே தங்கிவிட்டது. பூச்சு பலகை மாதிரி கழன்று விழுந்தது. பின்னால் விரலை அழுத்தினால் உள்ளே போகிறது. நீ மிதித்துச் சேர்த்த வைக்கோல் கறுத்திருந்தது. கீழே நீ அடம்பிடித்து இரண்டடிக்கு எழுப்பிய கல் கட்டு மட்டும் அசையவில்லை. அதற்காக உன்னைப் பேசிய பேச்சையெல்லாம் நினைத்து அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மாலியில் ஜென்னே பெரிய மசூதியின் படத்தை ஒருமுறை காட்டினாயே. 1907இல் கட்டியது, வருடாவருடம் மண் பூசித்தான் நிற்கிறது என்று எவ்வளவு ஆசையாகச் சொன்னாய். அங்கே ஊரே கூடிப் பூசுகிறது, அக்கா. நம் சுவருக்கு என்னை ஒருத்தியை விட்டுவிட்டுப் போனாய்.

சரி. நைந்த மண்ணைச் சுரண்டிவிட்டுச் சுவரைக் காயவிட்டிருக்கிறேன். புதுப் பூச்சுக்கு மண்ணையும் வைக்கோலையும் ஊறப்போட்டது புளித்து, வாடை வந்துவிட்டது. ஓரத்தில் மூன்று விதக் கலவையைச் சாணளவு பூசிப் பார்த்தேன். இரண்டு விரிசல் விட்டுவிட்டன. மூன்றாவது இன்னும் காயவில்லை.