ரீமேப் கட்டுரையில உச்ச பவர் மட்டும் இருக்கு, மீதி எங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல டர்போ வண்டி ரீமேப் பத்தி, அதாவது இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கித் தள்ளுற டர்போ இருக்கற வண்டியில இன்ஜின் கம்ப்யூட்டரோட செட்டிங்க மாத்தி பவர ஏத்தறதப் பத்தி, வந்த கட்டுரையப் படிச்சேன். படிச்சு முடிக்கிறதுக்குள்ள என்கூட வேலை பாக்குற பையன் அதே பக்கத்த போட்டோ எடுத்து "அண்ணே, நம்மளும் பண்ணிடலாமா"ன்னு அனுப்பிட்டான், அவனுக்கு பதில் டைப் பண்ண ஆரம்பிச்சு அது நீளமா போயிடுச்சு, சரி உங்களுக்கே அனுப்பிடலாம்னு தோணுச்சு. நான் மெக்கானிக் இல்ல, ஆனா ரீமேப் பண்ண வண்டிய மூணு வருஷமா ஓட்டுறேன், அதுல முதல் ரெண்டு மாசம் தப்பான ஃபைலோட (அந்த செட்டிங் தொகுப்பத்தான் ஃபைல்ம்பாங்க) ஓட்டினேன்.

"கம்பெனிக்காரன் பவரப் பூட்டி வெச்சிருக்கான், லேப்டாப்ப சொருகினா பூட்டு திறந்துடும்"னு எழுதியிருக்கீங்க. பாதி சரி சார். ஈசியூ, அதான் இன்ஜின் கம்ப்யூட்டர், அது உள்ள இருக்கறது பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு மாதிரி கட்டம் கட்டமா டேபிள்தான், ஒரு பக்கம் ஆர்பிஎம், இன்னொரு பக்கம் லோடு (இன்ஜின் மேல விழுற சுமை), ரெண்டும் சந்திக்கிற கட்டத்துல எத்தனை டிகிரி முன்னாடி ஸ்பார்க் அடிக்கணும், எவ்வளவு பெட்ரோல் விடணும், டர்போ எவ்வளவு பூஸ்ட் (காத்து அழுத்தம்) குடுக்கணும்னு நம்பர் இருக்கும், ட்யூனர் அந்த நம்பர மாத்துறாரு, அவ்வளவுதான். டர்போ இல்லாத இன்ஜின்ல இதப் பண்ணா பெருசா ஒண்ணும் கிடைக்காது, ஏன்னா உள்ள போற காத்தோட அளவு ஏறாது. டர்போல வேஸ்ட்கேட்ட (எக்ஸாஸ்ட் புகைய டர்போவுக்குப் போகாம திருப்பி விடுற கதவு) இன்னும் கொஞ்சம் மூடி வெச்சாலே காத்து கூட வரும், அதனாலதான் ஒரு நட்டு கூட கழட்டாம 20, 30 சதவீதம் வரைக்கும் ஏறுது. இது வரைக்கும் கட்டுரையில பொய் இல்ல.

ஆனா கம்பெனி ஏன் அத விட்டு வெச்சான்? அவன் ஒரே ஃபைல எத்தனையோ ஊருக்கும் எத்தனையோ ஆளுக்கும் அனுப்புறான். மட்டமான பெட்ரோல் போடுறவன், மலை மேல ஓட்டுறவன், ஏர் ஃபில்டர் அடைச்சே கிடக்கறவன், ஆயில் மாத்தவே மறந்தவன், எல்லாருக்கும் அது தாங்கணும். மலை விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது, மேல போகப் போக காத்து லேசாகும், அதே பூஸ்ட்ட எட்ட டர்போ இன்னும் வேகமா சுத்தணும், சின்ன டர்போ ஏற்கனவே நிமிஷத்துக்கு 2 லட்சம் சுத்து வரைக்கும் போகுற சாமான், அதுக்கும் மேல விரட்டினா தாங்காது. அந்த இடைவெளியத்தான் நாம எடுத்து செலவு பண்றோம். எடுக்கலாம், நானும் எடுத்திருக்கேன், ஆனா சும்மா கிடந்த பவர்னு சொல்லாதீங்க.

"அதே இன்ஜின்தான், பெரிய மாடல்ல கூடுதல் பவர்ல வருது"ன்னும் ஒரு வரி இருந்துச்சு. ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ, கோல்ஃப் ஆர் ரெண்டையும் எடுத்துக்கோங்க, ரெண்டுலயும் ஈஏ888 குடும்பத்து 2.0 லிட்டர்தான், ஜிடிஐ 220 குதிரை, ஆர் 300. பேர் மட்டும்தான் ஒண்ணு, டர்போ வேற (அதுல ஐஎஸ்20, இதுல ஐஎஸ்38), பிஸ்டன் வேற, எக்ஸாஸ்ட் வால்வு வேற. வெறும் சாஃப்ட்வேர்ல அந்த வித்தியாசம் வரல. வெறும் சாஃப்ட்வேர் வித்தியாசத்துல விக்கிற இன்ஜின்களும் உண்டு, ஆனா நம்ம வண்டி எந்த ரகம்னு பாக்காம கைய வைக்கக் கூடாது.

இப்ப என் கதை. முதல்ல போன இடத்துல பேட்டரில சார்ஜர் மாட்டினாங்க (நடுவுல வோல்டேஜ் விழுந்தா ஈசியூ செத்தே போயிடும்), ஓபிடி போர்ட்ல (சர்வீஸ்ல கம்ப்யூட்டர் மாட்டுற சாக்கெட்) கேபிள சொருகினாங்க, ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்துல கத்துது, டாஷ்போர்டுல இருக்கற எல்லா லைட்டும் எரியுது, எனக்கு வயித்த கலக்குது. முடிஞ்சுது, ஓட்டினேன், அப்பப்பா, முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு. ரெண்டு மாசம் சொர்க்கம்தான். அப்புறம் ஒரு நாள் நாலாவது கியர்ல மிதிச்சப்ப ஆர்பிஎம் முள்ளு மட்டும் சர்ருன்னு ஏறுது, வேகம் ஏறல, கூடவே கருகின நாத்தம். கிளட்ச் வழுக்குது. சரி கிளட்ச்தானேன்னு இன்னொரு ட்யூனர்கிட்ட போனேன், அவரு கிளட்ச்ச அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டு லாக் எடுக்கணும்னாரு, அதாவது ஓடும்போது ஈசியூ காட்டுற நம்பர்களப் பதிவு பண்றது. மூணாவது கியர்ல ஒரே இழுப்பு, அவரு மடில லேப்டாப். திரும்பி வந்து வண்டிய ஓரமா நிறுத்தி ஒரு நம்பர் வரிசையக் காட்டினாரு, சிலிண்டர் வாரியா டைமிங் (ஸ்பார்க் அடிக்கிற நேரம்) எத்தனை டிகிரி பின்வாங்குதுன்னு. ஒண்ணு, ரெண்டு, நாலுல சைபர், மைனஸ் 1, அந்த மாதிரி. மூணாவது சிலிண்டர்ல மைனஸ் 2, மைனஸ் 4, மைனஸ் 6. அதாவது அங்க நாக் வருது, ஸ்பார்க் கிளப்பின நெருப்பு போய்ச் சேரறதுக்குள்ள மூலையில இருக்கற கலவை தானா வெடிக்குது, நாக் சென்சார் அதக் கேட்டு ஈசியூ டைமிங்க பின்னாடி இழுத்து இன்ஜினக் காப்பாத்திட்டே இருக்கு. ரெண்டு மாசமா. எனக்கு காதுல ஒண்ணுமே கேக்கல.

அதவிட மோசம் கீழ 1,800 ஆர்பிஎம்ல இருந்துச்சு. முதல் ஆளு முதுகு ஒட்டணும்னே அங்க டார்க்க அள்ளிக் குடுத்திருந்தாரு. சின்ன டர்போ, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் இன்ஜின்ல குறைஞ்ச ஆர்பிஎம்ல முழு லோடு குடுத்தா எல்எஸ்பிஐன்னு ஒரு வியாதி உண்டு, ஆயில் துளியோ கரித்துகளோ ஸ்பார்க்குக்கு முன்னாடியே பத்திக்கும். நாக்னா டைமிங்க பின்ன இழுத்து சமாளிக்கலாம், இங்க தீ வெச்சதே ஸ்பார்க் இல்லையே, எத இழுக்கறது? ஒரே அடில பிஸ்டன் ரிங் உக்காந்திருக்கற இடம் உடைஞ்சு போக வாய்ப்பு இருக்கு. இதுக்குன்னே 2018-ல ஆயிலுக்கு ஏபிஐ எஸ்என் ப்ளஸ்னு தனித் தரம் கொண்டு வந்தாங்க, 2020-ல எஸ்பி வந்துச்சு. ஸ்டாக் வண்டிக்கே (கம்பெனியில இருந்து வந்தபடியே இருக்கறது) அவ்வளவு பயந்திருக்காங்க. உங்க கட்டுரையில ஆயில்ங்கற வார்த்தையே இல்ல.

இங்கதான் எனக்கு உங்க மேல நிஜமான வருத்தம். ரீமேப்புக்கு முன்னாடி இவ்வளவு குதிரை, அப்புறம் இவ்வளவு குதிரைன்னு ரெண்டே நம்பர் போட்டு முடிச்சிட்டீங்க. ஒரு சின்ன கணக்கு பாருங்க, 5,000 ஆர்பிஎம்ல 250 நியூட்டன் மீட்டர் டார்க்னா அது 178 குதிரை. அதே 250, 2,000 ஆர்பிஎம்ல வந்தா 71 குதிரைதான். பிஸ்டன் மேலயும் கனெக்டிங் ராடு மேலயும் விழுற அடி ரெண்டு இடத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணு, கீழ இன்னும் மோசம், ஆனா உங்க பக்கத்துல 178 மட்டும்தான் வரும். கிளட்ச்சும் கியர்பாக்ஸும் பாக்கறது டார்க்கத்தான், குதிரைய இல்ல. ஃபோக்ஸ்வேகன் குரூப்போட 7 ஸ்பீடு டிரை கிளட்ச் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டிக்யூ200, அதுக்கு சொல்லியிருக்கற எல்லையே 250 நியூட்டன் மீட்டர்தான், அந்தப் பெட்டி இருக்கற வண்டிய ஸ்டேஜ் 1 (பார்ட்ஸ் மாத்தாம வெறும் சாஃப்ட்வேர்) பண்றவன் முதல்ல இதத்தான் கேக்கணும்.

ரெண்டாவது ட்யூனர் என்ன பண்ணாருன்னா ஸ்டாக்குக்கு திருப்பிட்டு புதுசா ஆரம்பிச்சாரு. 2,500க்கு கீழ டார்க்க கிட்டத்தட்ட கம்பெனி அளவுலயே விட்டுட்டாரு, மேல மெதுவா ஏத்தினாரு, லாக் எடுப்பாரு, மாத்துவாரு, மறுபடி லாக். உச்ச பவர் முதல் ஃபைல விட கம்மி. முதுகு ஒட்டாது. ஆனா மூணாவது சிலிண்டர் சைபர்ல நிக்குது, நானும் கிளட்ச்ச மாத்தினதோட சரி, அப்புறம் அந்த நாத்தம் வரல.

டைனோ (வண்டிய உருளை மேல ஓட்டி பவர் அளக்கற மெஷின்) கிராஃப் பத்தியும் ஒண்ணு. முதல் இழுப்ப மட்டும் பிரிண்ட் எடுத்துக் குடுப்பாங்க, இன்டர்கூலர் (டர்போ அனுப்புற காத்த குளிர வைக்கிறது) சூடாகி மூணாவது நாலாவது இழுப்புல என்ன ஆகுதுன்னு பாத்தாதான் தெரியும்.

டீசல் வண்டிக்கு கட்டம் கட்டி "டிபிஎஃப்-யும் எடுத்துடலாம்"னு (புகையில இருக்கற கரியப் பிடிக்கிற ஃபில்டர்) போட்டிருக்கீங்களே, அதுக்கு மறுப்பு போடுங்க சார், தயவு செஞ்சு. அது ட்யூனிங் இல்ல, பின்னாடி வர்றவன் மூஞ்சில கரி பூசறது. அமெரிக்காவுல சட்டப்படியே குத்தம், பிரிட்டன்ல 2014ல இருந்து டிபிஎஃப் இல்லன்னு கண்டுபிடிச்சா வருடாந்திர சோதனையில ஃபெயில்.

"சர்வீஸ் விடும்போது ஸ்டாக் ஃபைல ஏத்திட்டா யாருக்கும் தெரியாது"ங்கறதும் பழைய கதை. எத்தனை தடவை ஃபிளாஷ் பண்ணாங்கன்னு நிறைய ஈசியூ எண்ணி வெச்சுக்குது, ஃபோக்ஸ்வேகன், ஆடி டீலர்ங்க கண்டுபிடிச்சா டிடி1ன்னு ஒரு குறி போட்டு வெச்சிடுவாங்க, அது வண்டியோட சேசிஸ் நம்பரோட ஒட்டிக்கும். வாரன்ட்டி போனாலும் பரவால்லன்னு தெரிஞ்சே பண்றவன் பண்ணட்டும், இன்சூரன்ஸ்காரன்கிட்டயும் சொல்லிட்டு பண்ணட்டும்.

அடுத்த தடவை எழுதும்போது 1,500 ஆர்பிஎம்ல இருந்து முழு டார்க் கிராஃப போடுங்க, கூடவே நாக் லாக் ஒரு பக்கம். அரை பக்கம் போதும்.

அந்தப் பையன் விஷயம், இவ்வளவும் எழுதினதுக்கு அப்புறம்தான் அவன் என்ன வண்டி வெச்சிருக்கான்னு கேட்டேன். டர்போவே இல்ல சார் அதுல.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்