ஹைலக்ஸ் வண்டியை உயர்த்தியபோது பிரேக்கைக் கவனிக்காமல் விட்டது தொடர்பான புகார்

சுங்கை சிப்புட், பேராக்
2.12.2024

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
சஸ்பென்ஷன் பட்டறை, ஈப்போ.

மதிப்பிற்குரிய ஐயா,

தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னால், அக்டோபர் 26ஆம் தேதி சனிக்கிழமை, என்னுடைய 2011ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வண்டியை உங்கள் பட்டறையில் 2 அங்குலம் உயர்த்திக் கொடுத்தீர்கள். முன்பக்கம் புதிய ஸ்பிரிங், நான்கு அப்சார்பர், பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங், கூலி எல்லாம் சேர்த்து 3,800 வெள்ளி (ரிங்கிட்) ரொக்கமாகக் கட்டினேன். ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன். அந்த வேலையில் விட்டுப்போன ஒரு சின்ன விஷயத்தால், நவம்பர் 18ஆம் தேதி காலை என் வண்டி தமிழ்ப்பள்ளி வாசலில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை.

வண்டியை உயர்த்தக் கேட்டதற்கு எங்கள் பாதைதான் காரணம். அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிய ஐந்து ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை), பழைய ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. மழை மாதங்களில் அந்தச் செம்மண் பாதையில் லோரிச் சக்கரம் போட்ட பள்ளம் முழங்கால் ஆழம் இருக்கும். நடுவில் நிற்கும் மண்மேட்டில் வண்டியின் அடிவயிறு உரசாத நாளே இல்லை. இதையெல்லாம் வேலைக்கு முன்பே உங்கள் ஆளிடம் சொன்னேன். வாரத்தில் இரண்டு மூன்று தடவை செம்பனைக் குலை ஏற்றுவேன், அரை டன்னுக்கு மேல் பாரம் வரும் என்பதையும் சொன்னேன். "பாரம் பிரச்சினையே இல்லை அண்ணே" என்றார்.

நவம்பர் 18 அன்று சுமார் 700 கிலோ குலையோடு மேட்டிலிருந்து இறங்கினேன். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இறக்கம் முடிகிற இடத்தில் பள்ளி வாசல். எப்போதும் மிதிக்கிற இடத்தில் பிரேக்கை மிதித்தேன். வண்டியின் மூக்கு கீழே குத்தியது, பின்பக்கம் பிடிக்கவே இல்லை. முன் டயர் ஈரச் சாலையில் வழுக்கிக்கொண்டு போனது. பள்ளி ஜாகா (காவலாளி) கையை விரித்துப் பிள்ளைகளைப் பின்னால் தள்ளினார். வாசலைத் தாண்டி நான்கு அடி போய்த்தான் வண்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேரை எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

20ஆம் தேதி உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கிடைத்த பதில் இது: "உயர்த்தின வண்டி அப்படித்தான் இருக்கும் அண்ணே, ரெண்டு மாசத்துல பழகிடும்." நான் 19 வயதிலிருந்து வண்டி ஓட்டுகிறேன். பழக வேண்டியது நானா, சரியாக இருக்க வேண்டியது பிரேக்கா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஊர் ஃபோர்மன் (மெக்கானிக்). முப்பது வருஷம் தோட்டத்து டிராக்டர்களுக்கு வேலை செய்தவர். டார்ச்சோடு அடியில் படுத்தவர் ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டார்: "ஏம்பா, இந்தக் கம்பியைப் பாரு." பின் அச்சுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் இடையில் இருக்கும் கம்பி அது. சட்டத்தில் உள்ள பிரேக் வால்வோடு அது இணைந்திருக்கிறது. பாரம் ஏறினால் சட்டம் அச்சை நோக்கி இறங்கும்; அந்த இறக்கத்தைக் கம்பி வால்வுக்குச் சொல்லும்; வால்வு பின் சக்கரத்துக்குக் கூடுதல் பிரேக் அழுத்தம் அனுப்பும். நீங்கள் சட்டத்தை 2 அங்குலம் தூக்கிவிட்டு, கம்பியைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டீர்கள். அதனால் 700 கிலோ ஏற்றினாலும் வண்டியில் பாரமே இல்லை என்று வால்வு நினைத்துக்கொள்கிறது. பிரேக் வேலையெல்லாம் முன் சக்கரத்தின் தலையில் விழுகிறது. கம்பியின் அடிமுனையை அதே அளவு உயர்த்த ஓட்டை போட்ட ஓர் இரும்புத் தகடு போதும். வண்டி உயர்த்துவதையே தொழிலாக வைத்திருக்கிற பட்டறைக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

பின் அச்சைப் பிடிக்கும் யூ போல்ட்டுகளும் பழையவைதான். ஒருமுறை இறுக்கி இழுபட்ட யூ போல்ட்டை மறுபடி போடக்கூடாது. புதியதைப் போட்டாலும் கொஞ்ச தூரம் ஓடியபின் திரும்ப இறுக்க வேண்டும். திரும்ப வரும்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஃபோர்மன் ஸ்பேனர் வைத்ததும் ஒரு நட் கிட்டத்தட்ட அரைச் சுற்று சுற்றியது. முன்பக்கத்தை உயர்த்தினால் சக்கரத்தின் சாய்வு மாறும், அலைன்மென்ட் கட்டாயம். ரசீதில் "அலைன்மென்ட்" என்று எழுதியிருக்கிறது. அளவுத்தாள் எதுவும் தரவில்லை, வண்டியும் இடது பக்கமே இழுக்கிறது.

அன்றிலிருந்து வண்டியில் பாரம் ஏற்றவில்லை. அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்பாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும், விலையும் குறையும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் லோரியை நடைக்கு 80 வெள்ளி கொடுத்து எடுக்கிறேன். இதுவரை நான்கு நடை, 320 வெள்ளி.

நான் கேட்பது இதுதான். வால்வுக் கம்பியை உயர்த்தி, புதிய யூ போல்ட் போட்டு, உயர்ந்த அளவுக்குப் பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய் போகும் குழாய்) நீளம் போதுமா என்று சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்து, அலைன்மென்ட் செய்து அளவுத்தாளோடு தாருங்கள். செய்த வேலையை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பிறகு பாரம் ஏற்றி, உங்கள் ஃபோர்மன் பக்கத்தில் உட்கார, நானே பிரேக் பிடித்துப் பார்ப்பேன். முடியாது என்றால் போட்டதைக் கழற்றிக்கொண்டு 3,800 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள். லோரிச் செலவு 320 வெள்ளி எப்படியும் உங்களுடையது.

டிசம்பர் 16ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போவேன். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, காசு வாங்கிச் செய்யும் வேலையில் தகுந்த கவனமும் திறமையும் இருக்க வேண்டும். அங்கே மனு போட 5 வெள்ளிதான் செலவு, வழக்கறிஞர் தேவையில்லை.

இன்னொன்று, இதைப் பணத்தைவிட முக்கியமாகக் கேட்கிறேன். நான் வந்த அன்று என் வண்டிக்குப் பின்னால் இரண்டு ஹைலக்ஸ் அதே வேலைக்குக் காத்திருந்தன. ஒன்றில் பிள்ளை உட்காரும் இருக்கை இருந்தது. அந்த இருவரையும், இதே மாதிரி உயர்த்திக்கொண்டு போன மற்றவர்களையும் நீங்களே கூப்பிட்டு, வால்வுக் கம்பியைச் சரிசெய்யும்வரை பாரம் ஏற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்களுடைய தொலைபேசி எண்கள் உங்கள் ரசீதுப் புத்தகத்தில் இருக்கின்றன.

இப்படிக்கு,
இணைத்துள்ள ரசீதில் கண்ட வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், வால்வுக் கம்பியின் படங்கள் 3, லோரி வாடகைச் சீட்டுகள் 4