பழைய ட்யூப் புரொஜெக்டரை மாற்றலாமா? நண்பனுக்கு ஒரு கடிதம்

வாட்டர்லூ, ஒன்டாரியோ

அன்புள்ள மாப்ளே,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அவங்க கையால் சாப்பிட்டு வளர்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், கொஞ்ச நாளைக்கு அடுப்புப் பக்கமே விடாதே. இங்கே சின்னவள் ஹாலிஃபாக்ஸில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பேஸ்மென்டுக்கு இறங்கி ஒரு படம் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. என் மனைவிக்கும் அது பிடித்துப்போயிற்று.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பென்சில்வேனியாவில் ஒருவர் 9 அங்குல ட்யூப் புரொஜெக்டரான சோனி ஜி90-ஐ ‘வந்து தூக்கிக்கொண்டு போனால் போதும்’ என்கிறார். உன் 7 அங்குல சோனியைக் கழற்றிவிட்டு அதை மாட்டலாமா, இல்லை உன் பையன் சொல்வது போல ட்யூபையே விட்டுவிட்டு டிஜிட்டலுக்குப் போகலாமா என்கிறாய். ஜி90 வேண்டாம் என்பதுதான் என் பதில். டிஜிட்டலுக்கும் அவசரம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கேள்.

சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பிக்சர் ட்யூப் வைத்துப் படம் காட்டும் இந்த ட்யூப் புரொஜெக்டரை நாம் இரண்டு பேரும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதன் கறுப்புக்காக. எலெக்ட்ரான் கற்றை படாத இடத்தில் ட்யூபின் முகத்தில் பூசிய பாஸ்பர் ஒளிராது, அவ்வளவுதான். டிஜிட்டலில் விளக்கு எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். சில்லு அதை மறைக்கப் பார்க்கும், எங்கேயாவது கொஞ்சம் கசியும். ராத்திரிக் காட்சியில் திரை சாம்பல் பூத்தது போலத் தெரிவது அதனால்தான். ஆனால் இந்தக் கறுப்பு 7 அங்குல ட்யூபிலும் அதேதான், 9 அங்குலத்திலும் அதேதான். அது ஏற்கெனவே உன் வீட்டில் இருக்கிறது. 9 அங்குலம் கூடுதலாகத் தருவது கூர்மையும் வெளிச்சமும். உனக்கு அவை எவ்வளவு தேவை என்று பார்.

கூர்மையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 7 அங்குல ட்யூபின் முகத்தில் 16:9 படம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் உயரத்தில்தான் வரையப்படுகிறது. அதற்குள் முழு எச்டி படத்தின் 1080 கோடுகளை அடைத்தால் ஒரு கோட்டுக்கு 0.06 மில்லிமீட்டர்கூடக் கிடைக்காது. கற்றையின் புள்ளி அதைவிடத் தடிமனாக இருந்தால் பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். வெளிச்சத்தைக் கூட்டக் கூட்டப் புள்ளி இன்னும் பருக்கும். பெரிய ட்யூபில் அதே வெளிச்சம் அகலமான பரப்பில் பிரிந்து விழுவதால் புள்ளி மெலிதாக நிற்கிறது. 1080 கோடுகளும் தனித்தனியாகத் தெரிகின்றன. ஜி90-இன் பெருமை அங்கேதான், அதை மறுக்கவில்லை. ஆனால் உன் திரை 7 அடி அகலம், நீ உட்காருவது 12 அடி தள்ளி. உன் மெஷினுக்கு 720 கோடு அனுப்பிப் பார். 60 ஹெர்ட்ஸில் 45 கிலோஹெர்ட்ஸ்தான் வரும், அதாவது நொடிக்கு 45,000 கோடு, உன் மெஷின் சிரமமில்லாமல் வரைந்துவிடும். கூர்மை குறைவு என்று நீ எழுதியதில் பாதி இதிலேயே தீரும் என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதிதான் எனக்குச் சந்தேகம். ‘படம் மங்கிவிட்டது, வெள்ளை எழுத்தைச் சுற்றிப் பனிமூட்டம் மாதிரி இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறாய். ட்யூப் தேய்ந்துபோயிற்று என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். தேய்ந்த ட்யூப் வெளிச்சம் குறையும், நிறம் ஒரு பக்கமாகச் சாயும். பனிமூட்டம் பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து வருவது. ட்யூபின் முகத்துக்கு முன்னால் சூட்டைத் தணிக்க கிளைகால் (glycol) என்ற திரவம் நிற்கிறதே, அதில் வருஷக்கணக்கில் பூஞ்சை படரும், திரவம் கலங்கும். அதை வடித்துச் சுத்தம் செய்து புதிது நிரப்பினால் படம் துடைத்துவிட்டது போலாகிவிடும். என் மார்க்கீ 8500 புரொஜெக்டரில் நீல ட்யூபுக்குச் செய்தபோது அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தேன்.

மார்க்கீ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இதைச் செய்த எலக்ட்ரோஹோம் கம்பெனி இங்கே பக்கத்து ஊரான கிச்சனரில்தான் இருந்தது. 1999-இல் அவர்களுடைய புரொஜெக்டர் தொழிலை கிறிஸ்டி கம்பெனி வாங்கியது. இன்று உலகம் முழுக்கத் தியேட்டர்களில் ஓடும் கிறிஸ்டி மெஷின்களின் வேர் இந்த ஊரில் இருக்கிறது. அந்தத் தெருவழியாகக் கார் ஓட்டிப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை வரும்.

ஜி90-ஐ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் அதன் உடம்பு. 100 கிலோவுக்கு மேல். கூரையில் தொங்கவிட மரச்சட்டங்களைப் பலப்படுத்த வேண்டும், தூக்க நாலு ஆள் வேண்டும், உன் முதுகு இருக்கும் நிலையில் இதெல்லாம் தேவையா? அப்புறம் அந்த மெஷினின் ட்யூபுகள் எத்தனை மணி நேரம் ஓடியவை என்று அவர் சொல்லவில்லை. 10,000 மணி ஓடிய ட்யூபை நம்பக் கூடாது. ஏதாவது ஆபீஸ் மீட்டிங் அறையில் 4:3 படத்தோடு ஓடிக்கொண்டிருந்ததாக இருந்தால், அந்தச் செவ்வகம் பாஸ்பரில் பதிந்திருக்கும். நீ 16:9 போட்டால் நடுப்பகுதி மங்கலாகவும் ஓரங்கள் பளிச்சென்றும் தெரியும். புது ட்யூப் வாங்கிவிடலாம் என்ற காலமும் போய்விட்டது.

இனி டிஜிட்டல். உன் பையன் சொல்வதைத் தள்ளிவிடாதே. ஜேவிசி 2007-இல் ஆர்எஸ்1 என்ற டிஜிட்டல் புரொஜெக்டரைக் கொண்டுவந்தபோது, ஒளி போகும் துவாரமான ஐரிஸை மூடித் திறக்கும் வித்தை இல்லாமலே வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 15,000:1 என்று அறிவித்தது. ட்யூப்காரர்கள் நிறையப் பேர் அதோடுதான் கட்சி மாறினார்கள். பிறகு வந்த மாடல்கள் இன்னும் நல்ல கறுப்பு தருகின்றன. இங்கே ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். விண்வெளிக் காட்சிகளில் கறுப்பு ட்யூபுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது. பகல் காட்சிகளில் அதுதான் மேல். நம் லென்ஸ்களுக்குள் ஒளி சிதறுவதால் வெளிச்சமும் இருட்டும் ஒரே காட்சியில் வந்தால் நம்முடைய கறுப்பு வெளுத்துப்போகிறது, இதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முழு வெள்ளைத் திரைக்கு உன் மெஷின் 200 லூமென் தந்தாலே பெரிது. பிறகு வந்த ஜேவிசி மாடல்கள் சாதாரணமாக ஆயிரத்தைத் தாண்டும். 4கே, எச்டிஆர் எல்லாம் நம் ட்யூபுக்கு எட்டாதவை. ஆனால் பந்து பறக்கும்போதும் கேமரா நகரும்போதும் ட்யூபில் உருவம் இழுபடாமல் நிற்கும் அழகை அதில் நான் பார்க்கவில்லை.

அதனால் எல்லாம் உன் அறையைப் பொறுத்தது. ஜன்னலை முழுசாக அடைத்து, விளக்கை அணைத்து, இரண்டரை மணி நேரம் படம் மட்டும் பார்ப்பதாக இருந்தால் இந்த 7 அங்குலமே போதும். உன் மனைவி ஆசைப்படுவது போல சொந்தக்காரர்கள் கூடி விளக்கைப் போட்டுக்கொண்டு கிரிக்கெட் பார்க்க வேண்டும் என்றால் ஜி90-உம் அங்கே தோற்றுவிடும். அதற்குப் பழைய ஜேவிசி ஒன்றை வாங்கு. வாங்கும் முன் விளக்கு எத்தனை மணி ஓடியது என்று கேள், புது விளக்கின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடு. இரண்டையும் வைத்துக்கொள்ள இடம் இருந்தால் அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

ஒன்றை மட்டும் கட்டாயம் கேள். கிளைகால் மாற்றுவதற்குத் தனியாகப் பெட்டியைத் திறக்காதே. உள்ளே 30,000 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். பழைய டிவி மெக்கானிக் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள். மாற்றி முடித்ததும் அரை மணி நேரம் சூடேற விட்டு, அப்புறம் கன்வர்ஜென்ஸ் போடு, அதாவது மூன்று நிறப் படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்து.

அதற்கு முன்னால் ஒரு வேலை செய். மெஷினை அணைத்துவிட்டு, மூன்று லென்ஸ் வழியாகவும் டார்ச் அடித்து ட்யூபின் முகத்தைப் படம் எடுத்து அனுப்பு. பழுப்பாக ஒரு செவ்வகம் தெரிந்தால் தேய்வு. பஞ்சு போலத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் பூஞ்சை. பார்த்துவிட்டு உடனே எழுதுகிறேன். பென்சில்வேனியாக்காரருக்கு அதுவரை பதில் சொல்லாதே. கோடையில் நீங்கள் நயாகரா வருவதாக இருந்தால் இங்கே ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போகணும், அம்மாவையும் கூட்டி வா.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்