கையேந்தக் கற்றுத்தந்த சபையாருக்கு ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், போதகராகிய ஐயரவர்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மாருக்கும், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தோத்திரம்.

கடந்த ஆடி மாதம் பக்கவாதத்தால் என் வலக்கையும் வலக்காலும் விழுந்துபோன நாள் முதல் ஏழு மாதங்களாக என்னையும் என் மனைவியையும் நீங்கள் தாங்கி வருகிறீர்கள். அன்றிரவு ஆட்டோவை வாசலுக்கே கொண்டுவந்து என்னைத் தூக்கி ஏற்றியவர்களுக்கும், மருத்துவமனையில் முறைவைத்துக் கண்விழித்தவர்களுக்கும், மாலைதோறும் என் தோளைப் பிடித்து நடைபழக்கிய வாலிபர் சங்கத் தம்பிகளுக்கும், தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்த தாய்மாருக்கும் நேரில் நன்றி சொல்ல நா இன்னும் முழுவதும் ஒத்துழைக்காததால், நான் சொல்லச் சொல்ல என் மகள் இதை எழுதுகிறாள்.

உங்கள் உதவிகளுள் ஒன்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். நீங்கள் கொண்டுவந்து இறக்கிய கைப்பிடி அரிசியைக் கண்டபோது நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். பதினொரு ஆண்டுகள் சபையின் பொருளாளராக இருந்து, உலை வைக்கும்போதெல்லாம் நம் தாய்மார் ஒரு பிடி எடுத்து ஒதுக்கிய அந்த அரிசியை யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கத் தேவையில்லை என்று தீர்மானித்தவன் நான். அது என் வீட்டு வாசலுக்கே வரும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. குணமானதும் ஒவ்வொன்றையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று, யார் என்ன கொண்டுவந்தார்கள், அதன் விலை என்ன என்பதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவைக்கும்படி மனைவியிடம் சொன்னேன். அதைப் பார்த்துவிட்ட சங்கத்துத் தாயார் ஒருவர், "பால் குடிச்ச பிள்ளை அளவு எழுதியா வைக்கும், அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முப்பது ஆண்டுகள் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். கிரயப் பத்திரத்தில் விலை கொடுத்தவனுக்கு உரிமை. வாரிசுரிமையிலோ பிள்ளையாய்ப் பிறந்ததே உரிமை, அதற்கு விலை கிடையாது. மாற்கு சுவிசேஷம் 10ஆம் அதிகாரத்தில் மிகுந்த ஆஸ்தியுள்ள மனிதன், நித்தியஜீவனைச் சுதந்தரித்துக்கொள்ள நான் என்ன செய்ய வேண்டும் என்று இயேசுவிடம் கேட்கிறான். வேதத்தில் சுதந்தரம் என்பது விடுதலையல்ல, வாரிசுக்கு வரும் சொத்து. அவனோ அதைக் கிரயத்துக்குக் கேட்பவனைப்போல் கேட்கிறான். என் தொழிலே அதுவாக இருந்தும், எத்தனையோ முறை வாசித்த அந்த வசனத்தில் இதை நான் கவனிக்கவில்லை. அதற்குச் சற்று முன்புதான் ஆண்டவர் சிறுபிள்ளைகளை அணைத்துக்கொண்டு, தேவனுடைய ராஜ்யத்தைச் சிறுபிள்ளையைப்போல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார். மத்தேயுவும் லூக்காவும்கூட இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்தே வைத்திருக்கிறார்கள். அந்த மனிதன் துக்கத்தோடே போய்விட்ட பிறகு, திகைத்து நின்ற வளர்ந்த ஆண்களாகிய சீஷர்களை ஆண்டவர் "பிள்ளைகளே" என்று அழைத்து, ஐசுவரியத்தின்மேல் நம்பிக்கை வைக்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறார். படுக்கையில் கிடந்த எனக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

பணத்தை நான் பழிக்கவில்லை. மருத்துவக் கட்டணத்தில் பெரும்பகுதி என் சேமிப்பிலிருந்துதான் போயிற்று, அதுவும் தேவன் கொடுத்ததே. ஆனால் நான் நம்பியிருந்தது கொடுத்தவரையல்ல, வங்கி வைப்புநிதி ரசீதுகளை என்பதை, அவற்றைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு புரண்டு படுக்கக்கூட முடியாமல் கிடந்தபோது அறிந்தேன்.

தை மாதத்தில் ஐயரவர்கள் என்னைக் காரில் திருநெல்வேலி மாவட்டத்து டோனாவூருக்கு அழைத்துச் சென்றதை மறக்கமாட்டேன். அயர்லாந்தில் பிறந்து, 1895இல் இந்தியாவுக்கு வந்து, 1901 முதல் அவ்வூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தாயாயிருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், பணத் தேவையை மனிதரிடம் கேளாமல் தேவனிடமே கேட்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார் என்பது நமக்குத் தெரிந்த செய்தி. ஆனால் 1931இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு 1951இல் மறையும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகளைப் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே கழித்தார் என்பதை அதுவரை நான் பொருட்படுத்தியதில்லை. எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர், பிறர் கையால் பராமரிக்கப்படுகிறவராகிவிட்டார். அவருடைய கல்லறையில் பெயர் பொறித்த கல் இல்லை; பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றில் "அம்மா" என்று மட்டும் எழுதியிருக்கிறது. அதனருகே சக்கர நாற்காலியில் நெடுநேரம் இருந்தேன். ஐயரவர்கள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்கள். அந்தப் பொறுமைக்கும் நன்றி.

இந்த மடலில் நன்றியோடு ஒரு மன்னிப்பும் உண்டு. நான் பொருளாளராக இருந்த காலத்தில் உதவி கேட்டு வந்தவர்களை வாசலில் நிற்கவைத்து, வரவு என்ன, செலவு என்ன, மகன் எங்கே வேலை செய்கிறான் என்று பிறர் காதுபடக் கேட்டிருக்கிறேன். அப்படி நின்றவர்களில் இருவர் இந்த ஏழு மாதங்களில் என் வீட்டுக்கு வந்து, ஒன்றும் கேளாமல், என் வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டுப் போனார்கள். அவர்களிடமும், அப்படி நின்ற மற்ற எல்லாரிடமும் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

அந்த நோட்டில் மனைவி பதினேழு பக்கங்கள் எழுதியிருந்தாள். விலைகளை அடித்துவிட்டோம், பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு இரவு ஜெபத்தில் நாளொன்றுக்கு ஒரு பக்கமாக வாசிக்கிறோம். இன்று ஒன்பதாம் பக்கம்.

கர்த்தருக்குள்,
இடக்கையால் ஒப்பமிடும்
உங்கள் முன்னாள் பொருளாளர்